மேலும் கீழும் சிதறிய தோட்டாக்கள்

1000 கஜ இலக்குச் சுடுதலில் என் துப்பாக்கிக் குண்டுகள் பக்கவாட்டில் ஒட்டியே விழுந்தன. சிதறல் எல்லாம் மேலும் கீழும்தான். வெடிமருந்து எடையைச் சந்தேகப்பட்டு ஒரு மாதம் வீணாக்கினேன். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வேகம் சீராகவே இருந்தது. அப்புறம்தான் பூதக்கண்ணாடியில் தோட்டா முனைகளைப் பார்த்தேன்: ஒன்று பிசிறு, இன்னொன்று சாய்வு. முனை மாறினால் காற்றுத்தடையும் மாறும், தூரத்தில் அது உயர வித்தியாசமாகும்.

தோட்டாக்களை நீளவாரியாகப் பிரித்து, பிசிறு போகும் அளவுக்கு மட்டும் முனையைச் சீவினேன். சீவினால் முனை அகலமாகிக் காற்றுத்தடை சற்றுக் கூடும். ஈடுகட்ட, முனையை டையில் (வடிவம் கொடுக்கும் அச்சில்) அழுத்திக் கூராக்க வேண்டும். அங்கேதான் சொதப்பினேன். ஆசையில் அதிகம் அழுத்த, முனைக்குப் பின்னால் வீங்கிவிட்டது. அப்படி அழுத்திய பத்துத் தோட்டாக்களும் குப்பைக்கு. டையைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி அழுத்தத்தைக் குறைத்தேன், சரியானது. உயரச் சிதறல் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.