குவிவரில் மாறாக் கோவைகளைக் கண்டுபிடிக்க நான் போகும் வழி

மென்பொருளை அப்புறம் பார்ப்போம். குவிவர் என்பது முனைகளும் அவற்றை இணைக்கும் அம்புகளும் கொண்ட படம்; முதலில் அதைத் தாளில் போடுங்கள். முனைக்கு ஒரு வெக்டர் வெளி, அம்புக்கு ஓர் அணி. முனைகளில் குலங்கள் (அந்த வெளிகளின் அடிமாற்ற அணிகள்) செயல்படும்போது மதிப்பு மாறாத பல்லுறுப்புக்கோவைகள்தான் நமக்கு வேண்டும்.

எல்லா முனையிலும் ஜிஎல் குலம் (நேர்மாறு உள்ள எல்லா அணிகளும்) என்றால், கலப்பெண்கள் மேல் கணிதவியலாளர்கள் லெ ப்ரூயினும் ப்ரொசேசியும் 1990-இலேயே வழி சொல்லிவிட்டார்கள். அம்புத் திசையில் நடந்து புறப்பட்ட முனைக்கே திரும்புங்கள். வழியில் வந்த அணிகளைப் பெருக்கி ட்ரேஸ் (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை) எடுங்கள். இவையே எல்லாவற்றையும் பிறப்பிக்கும். வெளிகளின் மொத்தப் பரிமாணம் ந என்றால் ந² நீளம்வரை நடந்தால் போதும். சுற்றில்லாத படத்தில் மாறிலியைத் தவிர ஒன்றும் தேறாது.

முனைகளில் செங்குத்துக் குலம் (நிரை நிரல் மாற்றே நேர்மாறாக உள்ள அணிகள்) இருந்தால்? ஒவ்வோர் அம்புக்கும் எதிரே ஓர் அம்பு போட்டு, அதில் நிரை நிரல் மாற்று அணியை எழுதுங்கள். பிறகு பழைய நடைதான். இரு முனை, ஓர் அம்பு மட்டும் உள்ள படத்தில்கூட இப்போது அஅ′ (அ அம்பின் அணி, அ′ அதன் நிரை நிரல் மாற்று), அதன் அடுக்குகள் ஆகியவற்றின் ட்ரேஸ்கள் கிடைக்கும். ஜிஎல் முனையும் கலந்திருந்தால் அதை மட்டும் வெளி, இருமை வெளி (அதன் மேலான நேரியல் சார்புகளின் வெளி) என இரண்டாக்குங்கள்.

கையால் ஒன்று போட்டுப் பார்க்காமல் இதை நம்பாதீர்கள். செங்குத்துக் குலம் உள்ள ஒரு முனை, ஒரு கண்ணி (அதே முனைக்குத் திரும்பும் அம்பு), 2×2 அணி அ: மேல் வரிசை க, ச, கீழ் வரிசை ட, த. குலத்தின் பரிமாணம் 1; ஆக 4−1=3 சார்பற்ற கோவைகள் வர வேண்டும். அ, அ², அஅ′ ஆகியவற்றின் ட்ரேஸ்கள்:

க+த
க²+த²+2சட
க²+ச²+ட²+த²

மூன்றாவதில் இரண்டாவதைக் கழித்தால் (ச−ட)². எனக்கு மிகப் பிடித்த வரி இது, ஏனென்றால் நம்மைச் சிக்கவைக்கும் பொறி இங்கேதான் இருக்கிறது. பிரதிபலிப்பு ச−ட-வின் குறியை மாற்றும்; சுழற்சி மாற்றாது. ஆகவே குலத்தில் அணிக்கோவை 1 உள்ளவற்றை மட்டும் (சிறப்புச் செங்குத்துக் குலம்) வைத்துக்கொண்டால் ச−ட தானே மாறாக் கோவையாகிவிடும். எந்த ட்ரேஸும் அதைத் தராது. அது அ−அ′ அணியின் ஃபாஃபியன் (எதிர்ச்சமச்சீர் அணியின் அணிக்கோவைக்கு வர்க்கமூலமாகும் கோவை). சிறப்புச் செங்குத்துக் குலத்தில் இரட்டைப்படைப் பரிமாணம் வந்தால் ஃபாஃபியன்களையும் தேடுங்கள்.

சிம்ப்ளெக்டிக் குலத்துக்கு (ஓர் எதிர்ச்சமச்சீர் வடிவத்தை மாற்றாத அணிகள்; அந்த வடிவத்தின் அணி ஜ) அ′ இருக்குமிடத்தில் ஜ⁻¹அ′ஜ. 2×2-இல் அது அ-வின் சேர்ப்பு அணியே, அதனால் ஒரு முனைப் படத்தில் புதிதாக எதுவும் வராது. சோதிக்க 4×4 எடுங்கள்.