பிரான்சில் தோட்டத்தோடு வீடு எடுக்கிறீர்களா? புல்தரை உருளை வாங்கும்முன் படியுங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து பிரான்ஸ் போய்ப் புல்தரை வைத்த வாடகை வீடு எடுப்பவர்களுக்காக, லாஸ்பேட்டையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாவி வாங்கும்போது வீட்டின் நிலையைக் குறித்துப் போடும் எத்தா தே லியூ என்ற பதிவில் புல்தரையின் நிலையையும் எழுதவையுங்கள். ஏதாவது விட்டுப்போனால் 10 நாளுக்குள் சேர்க்கச் சொல்லலாம். 1987ஆம் ஆண்டின் அரசாணைப்படி புல்தரையைப் பராமரிப்பது குடியிருப்பவரின் பொறுப்பு, வீட்டுக்காரர் ஆள் அனுப்பமாட்டார்.

சரி, உள்ளே தண்ணீர் நிரப்பிப் புல்தரைமேல் இழுக்கும் உருளைக்கு வருவோம். கடலூர் முதுநகரிலிருந்து போன என் நண்பரிடம், எடை கூடினால்தான் தரை சமமாகும் என்று சொல்லி ஒரு கடைக்காரர் பெரிய இரும்பு உருளையை விற்றுவிட்டார். திமிசுக்கட்டையால் தரையை இடித்துக் கெட்டிப்படுத்திப் பார்த்த நமக்கு அது நியாயமாகத்தான் படும். மார்ச்சில், மழை விட்ட மறுநாளே, முழுக்கத் தண்ணீர் நிரப்பி இழுத்திருக்கிறார், அந்தத் தரையோ களிமண். ஈரக் களிமண்ணை அழுத்தினால் உள்ளே காற்றுக்கும் நீருக்கும் இருக்கிற இடைவெளி மூடிக்கொள்ளும், வேர் திணறும். காலாப்பட்டுச் செம்மண்ணில் மழை எப்படி இறங்கும் என்று பார்த்து வளர்ந்தவர், அங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துத் தவித்துப்போனார். புல் போய்ப் பாசி வந்தது, காலி செய்யும்போது முன்பணத்திலும் பிடித்துக்கொண்டார்கள். மண் என்னவென்று ஒரு வார்த்தை கேட்காமல் விற்றவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மேடுபள்ளத்தை உருளை சரிசெய்யாது. மேட்டைச் செதுக்கிப் பள்ளத்தில் மண் தூவ வேண்டும். விதைத்தபின் விதை மண்ணோடு ஒட்டவும், பனியில் உறைந்து மேலெழும்பிய புல் திரும்பப் பதியவும்தான் உருளை. அதற்கு லேசானதே போதும். 50 செ.மீ. அகலம், 32 செ.மீ. விட்டம் உள்ள உருளை சுமார் 40 லிட்டர் கொள்ளும், அதாவது தண்ணீர் மட்டுமே 40 கிலோ. பாதி நிரப்புங்கள். மணல் வேண்டாம், ஒன்றரை மடங்கு கனக்கும், ஈரம்பட்டால் வெளியே கொட்டவும் வராது.

அதற்குமுன் ஈரமண்ணைக் கையில் எடுத்து முறுக்குப்போல் திரித்து வளைத்துப் பாருங்கள். உடையாமல் வளையமாக வந்தால் களிமண், மேல்மண் காலில் ஒட்டாத அளவு காய்கிறவரை உருளையைத் தொடாதீர்கள். வருடத்தில் ஒருநாள் வேலைக்கு வாடகை உருளையே போதும். சொந்தமாக வாங்கினால் குளிர்காலம் வருமுன் தண்ணீரை முழுக்கக் கொட்டி மூடியைத் திறந்துவையுங்கள், உள்ளே உறைந்தால் உருளை விரிசல் விட்டுவிடும்.