யோசேப்பின் வாழ்க்கையிலிருந்து பாடம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழி, அடிமைத்தனம், சிறை, கடைசியில் எகிப்தின் ராஜாவான பார்வோனுக்கு அடுத்த இடம். சொந்தச் சகோதரரால் விற்கப்பட்ட யோசேப்பின் கதை நெஞ்சைத் தொடும். தியானத்துக்கு உட்காருகிற பலர் அதனாலேயே "இதில் எனக்கு என்ன இருக்கிறது?" என்று முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். தவறுகள் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன.

முதல் தவறு, துண்டு துண்டாக வாசிப்பது. கதை ஆதியாகமம் 37 முதல் 50 வரை, 14 அதிகாரங்கள். அவற்றில் யோசேப்பின் அண்ணன் யூதா, அவன் மருமகள் தாமார் பற்றிய 38ஆம் அதிகாரத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். வீட்டார் நடுவே வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் யோசேப்பைக் குறித்து "அவனை விற்போம்" என்று யோசனை சொன்னவன் இதே யூதாதான் (37:26-27). "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று தாமாருக்குச் செய்த தன் குற்றத்தை அவன் ஒப்புக்கொள்வது 38:26இல். கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்கிறேன் என்று கெஞ்சுவது 44:33இல். மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்சவரலாற்றில் இடம்பெறுவதும் யூதாவும் தாமாரும்தான். யோசேப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தேவன் ஒரு குடும்பத்தையே திருத்திக்கொண்டிருந்தது கண்ணில் படாது.

அடுத்தது, சொப்பனத்தை இலட்சியமாக மாற்றுவது. "யோசேப்பைப் போல உங்கள் கனவை விட்டுவிடாதீர்கள்" என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். தமிழில் 'கனவு' என்ற சொல்லுக்கு இன்று இலட்சியம் என்றும் பொருள் வந்துவிட்டதால் இந்தத் தாவல் இயல்பாகத் தெரிகிறது. சொப்பனத்தில் அரிக்கட்டுகள் அவனை வணங்கியதும் சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் வணங்கியதும் யோசேப்பு ஆசைப்பட்டுத் தீட்டிய திட்டம் அல்ல, அவனுக்குக் காட்டப்பட்டவை. சிறையில் உடனிருந்த பார்வோனின் பானபாத்திரக்காரனிடம் அவன் கேட்டது விடுதலையை மட்டும்தான் (40:14). தன் சொப்பனங்களை அவன் நினைத்ததாக வேதம் சொல்வது, சகோதரர் தானியம் வாங்க வந்து முகங்குப்புற விழுந்த பிறகு (42:9).

வேதம் சொல்லாத இடத்தை நாமே நிரப்புவது இன்னும் ஆபத்தானது. "யோசேப்பு முறுமுறுக்கவே இல்லை, உடனே மன்னித்துவிட்டான்" என்பார்கள். 42:21ஐப் பாருங்கள்: அவன் மன வியாகுலத்தோடு கெஞ்சியதைக் கண்டும் கேளாமற்போனோம் என்று சகோதரரே சொல்கிறார்கள். தன்னைக் காவல் கிடங்கில் வைக்கத் தான் ஒன்றும் செய்யவில்லை என்று 40:15இல் அவனே முறையிடுகிறான். விற்கப்பட்டபோது வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. ஏழு செழிப்பான ஆண்டுகளும் பஞ்சத்தின் இரண்டு ஆண்டுகளும் கழிந்துதான் தன்னை வெளிப்படுத்துகிறான். ஏறக்குறைய 22 ஆண்டுகள். அதற்கு முன் அவர்களை மூன்று நாள் காவலில் வைத்தான், சிமியோனைக் கட்டுவித்தான், பென்யமீனை விட்டுவிட்டுப் போவார்களா என்று சோதித்தான். அவர்கள் மாறியிருப்பது தெரிந்த பிறகுதான் அழுது கட்டித் தழுவினான். அவன் மன்னிப்பு உண்மையானது; எளிதாக வந்தது அல்ல. குடும்பத்தாராலேயே காயப்பட்ட ஒருவரிடம் "யோசேப்பைப் போல இன்றே மறந்துவிடு" என்று சொல்வது, வேதத்தில் இல்லாத பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது. இதைச் செய்யாதீர்கள்.

அவன் செய்ததெல்லாம் பின்பற்றத் தக்கது என்று எண்ணுவதும் தவறே. 47ஆம் அதிகாரத்தில் பசியோடு வந்த எகிப்தியரின் பணம், மந்தை, நிலம் ஒவ்வொன்றாகப் பார்வோனுக்குப் போகிறது. கடைசியில் அவர்களே பார்வோனுக்கு அடிமைகளாகிறார்கள். உயிரைக் காப்பாற்றினீர் என்று அவர்கள் நன்றியும் சொல்கிறார்கள். ஆசிரியர் இதைப் புகழவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. நடந்ததைச் சொல்வது வேறு, அப்படி நடக்கச் சொல்வது வேறு.

யார் பேசுகிறார் என்று பார்க்காமல் வசனத்தை எடுக்கும் பழக்கமும் உண்டு. யோசேப்பின் கதையோடு சேர்த்து "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்பதை வாக்குத்தத்தமாகச் சொல்வார்கள். யோபு 8:7இல் அதைப் பேசுகிறவன் யோபுவின் நண்பன் பில்தாத். அவனும் மற்ற நண்பர்களும் தேவனைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று யோபு 42:7இல் கர்த்தர் கோபப்படுகிறார்.

சரியாகச் செய்ய ஒரு நோட்டுப் போதும். முதல் நாள் 14 அதிகாரங்களையும் குறிப்பெடுக்காமல் வாசியுங்கள். மறுநாள் மூன்றை மட்டும் குறியுங்கள்: தேவன் செய்ததாக ஆசிரியர் சொல்லும் இடங்கள், யோசேப்பே தன் வாழ்வுக்குப் பொருள் சொல்லும் இடங்கள் (45:5-8, 50:20), வேதம் மௌனமாக இருக்கும் இடங்கள். அதன் பிறகு உங்களுக்கான பாடத்தை ஒரே வரியில் எழுதுங்கள்.

அந்த வரியை, இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான்ஸ்நானகனிடம் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அவரும் நீதிக்காகச் சிறைப்பட்டார். வெளியே வரவில்லை, தலை வெட்டப்பட்டது. "சோதனையில் நின்றால் உயர்வு நிச்சயம்" என்று எழுதியிருந்தால் அது அங்கேயே உடைந்துபோகும். தன் எஜமான் போத்திபாரின் மனைவிக்கு இணங்காததால் யோசேப்புக்கு முதலில் கிடைத்ததும் சிறைதான். உடைந்த வரியை அடித்துவிட்டு 39ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். கர்த்தர் அவனோடே இருந்ததாக அங்கே நான்கு முறை வருகிறது: இரண்டு முறை அடிமையாக இருந்த வீட்டில், இரண்டு முறை சிறையில். அவன் அரமனைக்குப் போன பிறகு ஆசிரியர் அந்த வாக்கியத்தை மறுபடி எழுதவில்லை.