முட்டம் பாறையும் மைமாஸ் நிலவும்: அகச்சிவப்புப் படங்களைப் படிப்பதில் வரும் தவறுகள்

நாகர்கோவில் பக்கம் எந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் சனியின் நிலவு என்செலடஸின் அகச்சிவப்புப் படம் சார்ட்டில் ஒட்டப்பட்டிருக்கும். தென்துருவத்தில் செக்கச்செவேலென நான்கு கோடுகள். "சார், அங்கே நெருப்புக்குழம்பு" என்பான் பையன். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாத ஒளி; அந்தச் சிவப்பு, அதன் அளவைக் காட்டக் கணினி பூசிய சாயம். அங்கே அதிகபட்சமாகக் கணக்கிட்ட வெப்பநிலையே மைனஸ் 70 டிகிரிக்குக் கீழேதான். சார்ட்டில் இடம் போதாதென்று எந்த நிறம் எத்தனை டிகிரி என்று சொல்லும் ஓரத்து அளவுகோலைக் கத்தரித்துவிட்டால் இப்படித்தான் ஆகும். 2005-இல் சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் கண்ட அதிசயம் வேறு: வெயில் குறைவாக விழும் துருவம், நடுக்கோட்டைவிடச் சூடாக இருந்தது. உள்ளிருந்து வெப்பம் வருகிறது.

சரி, அப்படியானால் வெப்பம் மாறுபடும் இடத்திலெல்லாம் உள்வெப்பமா? இது அடுத்த தவறு. முட்டம் கடற்கரையில் நண்பகலில் செருப்பில்லாமல் மணலில் நடந்து பாருங்கள், கால் பொரியும். பக்கத்துப் பாறை அவ்வளவு சுடாது. இருட்டியதும் மணல் சட்டென ஆறிவிடும், பாறையோ வெகுநேரம் இளஞ்சூடாகவே கிடக்கும். வெயில் ஒன்றுதான், தரைதான் வேறு. 2010-இல் சனியின் இன்னொரு நிலவான மைமாஸின் பகல்பக்கத்தில் சில இடம் மைனஸ் 181, சில இடம் மைனஸ் 196 டிகிரி என்று காசினி அளந்தது. எலக்ட்ரான்கள் மோதி மோதிப் பனித்துகள்கள் ஒட்டிக்கொண்ட பகுதி, முட்டம் பாறைபோல மெதுவாகச் சூடேறுகிறது என்பதே விளக்கம். பகல் அளவை மட்டும் வைத்து முடிவுகட்டினால் ஏமாறுவோம். இரவு அளவும் வேண்டும்.

என் பார்வையில் பெரிய தவறு, பட்டுத் திரும்பும் வெயிலையும் தரையின் சொந்த வெப்பத்தையும் குழப்பிக்கொள்வது. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிப்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். மேலே போகும் கருவியைப் பற்றி யாரும் கேட்பதில்லை! நம் நிலவை ஆராயும் சந்திரயான்-2-இன் அகச்சிவப்பு நிறமாலைமானி (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) 0.8 முதல் 5 மைக்ரான் அலைநீளம் வரை பார்க்கும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீர், ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) ஆகியவற்றின் தடயம், பட்டுத் திரும்பும் வெயிலின் வரைபடத்தில் 3 மைக்ரானை ஒட்டி ஒரு பள்ளமாகத் தெரியும். நண்பகலில் நிலவின் தரை சுடும்போது அதன் சொந்தக் கதிர்வீச்சும் சேர்ந்து அந்தப் பள்ளத்தைத் தூர்க்கிறது. அதைக் கழிக்காமல் விட்டால் நீர் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும்.

அப்புறம் சனியின் மற்றொரு நிலவான டைட்டன். போன கண்காட்சியில் அதன் இரண்டு படங்களை ஒட்டி, 'டைட்டன் எப்படி மாறிவிட்டது!' என்று எழுதியிருந்தார்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்தது, புகைமூட்டம்தான் தெரிந்தது. மற்றது 2 மைக்ரான் அகச்சிவப்பில் எடுத்தது, அதில் தரையே தெரிந்தது. மாறியது டைட்டன் அல்ல, பார்த்த அலைநீளம்தான்.