வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம்: முதல் இத்தாலிப் பயணத்தை இரவுக் கணக்கில் திட்டமிடுவது எப்படி?

ஐரோப்பாவுக்கு முதன்முறையாகச் செல்கிறவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டுதான் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். இத்தாலி என்றால் மிலான், வெனிஸ், பைசா, ஃபிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், அமால்ஃபி கடற்கரை என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஊர்களை எழுதும் முன் இரவுகளை எண்ணுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறும் நாளில் அறையைக் காலி செய்து, பெட்டிகளை இழுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், ரயிலேறி இறங்கி, புதிய அறையைத் தேடிச் சேர்வதற்குள், ரயில் ஓடும் நேரம் இரண்டே மணி என்றாலும், அரை நாள் கழிந்துவிடும்.

முதல் படி: இரவுகளைப் பங்கிடுதல்

உங்களிடம் 9 இரவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெனிஸுக்கு 2, ஃபிளாரன்ஸுக்கு 3, ரோமுக்கு 4 என்று ஒதுக்குங்கள். பைசாவுக்குத் தனியாக இரவு வேண்டியதில்லை. ஃபிளாரன்ஸிலிருந்து வட்டார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்ச் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு மாலையிலேயே திரும்பலாம். மிலானையும் அமால்ஃபியையும் இந்த முறை விட்டுவிடுங்கள். மனம் கேட்காதுதான், ஆனாலும் ஐந்து ஊர்களைத் தொட்டுவிட்டு வருவதைவிட மூன்று ஊர்களில் நிதானமாக நடப்பது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும்; ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிச் சிறிய கடைகளும் குடும்பங்கள் நடத்தும் உணவகங்களும் பல நாள்கள் மூடிக் கிடக்கும்.

இரண்டாம் படி: விமானச்சீட்டும் விசாவும்

வெனிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்பும்படி விமானச்சீட்டை எடுங்கள். முன்பதிவுத் தளங்களில் 'மல்ட்டி சிட்டி' என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. போக வர ஒரே ஊர் என்று எடுத்தால், கடைசி நாளில் ரோமிலிருந்து வெனிஸுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ரயிலில் திரும்ப வேண்டியிருக்கும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு தரும் பயணக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கிழமையில் எந்த ஊர்

புதிதாகச் செல்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஃபிளாரன்ஸின் உஃபிசி ஓவியக்கூடமும், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கும் அகாடமியாவும் திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறன்று மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் தாங்காது. திருத்தந்தை ரோமில் இருக்கும் புதன்கிழமைகளில் காலையில் பொதுச் சந்திப்பு நடப்பதால், வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கம் நிரம்பிவிடும்.

இவற்றை வைத்துக்கொண்டு நாள்காட்டியை நிரப்பிப் பாருங்கள். வியாழக்கிழமை வெனிஸில் இறங்குகிறீர்கள். வெள்ளி முழுவதும் அங்கேதான். சனிக்கிழமை காலை ஃபிளாரன்ஸுக்கு ரயில், பிற்பகலில் அகாடமியா. ஞாயிறு உஃபிசி. அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் திங்கட்கிழமையைப் பைசாவுக்குக் கொடுக்கலாம். அல்லது புருனெல்லெஸ்கி கட்டிய பேராலயக் குவிமாடத்தில் ஏறலாம். அதற்கு 463 படிகள் உண்டு, மின்தூக்கி கிடையாது, நேரம் குறித்த முன்பதிவும் தேவை. செவ்வாய் ரோமுக்குப் பயணம், புதன் கொலோசியம், வியாழன் வத்திக்கான். வெள்ளிக்கிழமை கையில் மிஞ்சுகிறது. அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிடத் தொலைவுதான் என்பதால், அதன் அருகிலுள்ள பண்டைய நகரான பொம்பேயியின் இடிபாடுகளை அன்று பார்த்துவரலாம். சனிக்கிழமை ஊர் திரும்புகிறீர்கள். இதே பயணத்தைத் திங்கட்கிழமை தொடங்கினால், ரோமின் ஞாயிறு வத்திக்கானுக்கு உதவாமல் போகும்.

கொலோசியம் நுழைவுச்சீட்டில் உங்கள் பெயர் அச்சிடப்படுவதால், கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் பதிவு செய்யுங்கள். புனித பேதுரு பேராலயத்தினுள் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியவர்களை மட்டுமே அனுமதிப்பார்கள்.

நான்காம் படி: தங்குமிடம்

வெனிஸுக்கு இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு. மெஸ்ட்ரே நிலப்பரப்பில் இருக்கிறது. சாண்டா லூசியாதான் தீவிலேயே, பெருங்கால்வாயின் கரையில் இருக்கிறது. வாடகை குறைவு என்று நாங்கள் முதல்முறை மெஸ்ட்ரேயில் தங்கினோம். பகல் கூட்டம் கலைந்து சந்துகள் அமைதியாகும் இரவு நேரத்தில்தான் வெனிஸ் மிக அழகாக இருக்கிறது; அந்த நேரத்தில் நாங்கள் திரும்பும் ரயிலுக்காக நடந்துகொண்டிருந்தோம். இயன்றால் தீவிலேயே தங்குங்கள். பாலங்களெல்லாம் படிக்கட்டுகளாக இருப்பதால் பெட்டி சிறியதாக இருக்கட்டும். இம்மூன்று ஊர்களிலும் ஒரு நபருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி உண்டு. இணையத்தில் காட்டும் வாடகையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது.

ஐந்தாம் படி: ரயில்

அதிவேக ரயில்களை டிரெனிட்டாலியா, இட்டாலோ என்ற இரு நிறுவனங்கள் இயக்குகின்றன. வெனிஸிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து ரோமுக்கு ஒன்றரை மணி. இவற்றின் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும் என்பதால், விசா வந்தவுடன் வாங்கிவிடுங்கள். பைசா போன்ற ஊர்களுக்கு ஓடும் வட்டார ரயில்களின் கட்டணம் மாறாது, அன்றைக்கே வாங்கலாம். ஆனால் அந்தக் காகிதச் சீட்டை ஏறும் முன் நடைமேடை அருகிலுள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை பெற வேண்டும், மறந்தால் அபராதம்.

சீட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் இத்தாலியப் பெயர்களே இருக்கும்: வெனிஸ் 'வெனெட்சியா', ஃபிளாரன்ஸ் 'ஃபிரென்சே', ரோம் 'ரோமா'. பலகையில் வண்டி சென்று முடியும் ஊரின் பெயரே பெரிதாகத் தெரியும். ஃபிளாரன்ஸுக்குப் போகும் உங்கள் வண்டி 'நாப்போலி' என்று காட்டப்படலாம். நாப்போலி என்பது நேப்பிள்ஸ்தான். ஆகவே ஊரைத் தேடாமல் வண்டி எண்ணைத் தேடுங்கள். நடைமேடை எண் புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் வரும். அதுவரை பதற வேண்டாம். ஃபிளாரன்ஸில் இறங்க வேண்டிய நிலையம் சாண்டா மரியா நொவெல்லா; ரோமில் டெர்மினி.

சைவ உணவு உண்பவர்களுக்கு ஒரு சொல்: பர்மேசான், பெக்கொரீனோ பாலாடைக்கட்டிகள் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுபவை. அதைத் தவிர்ப்பவர்கள் தக்காளி, பூண்டு, ஓரிகனோ மட்டும் இட்ட 'மரினாரா' பீட்சாவைக் கேட்கலாம். அதில் பாலாடைக்கட்டியே இராது.

திரும்பும் விமானம் ரோமின் ஃபியுமிச்சினோ நிலையத்திலிருந்து என்றால், டெர்மினியிலிருந்து இடைநில்லாமல் ஓடும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடங்களில் கொண்டு சேர்க்கும். விமானம் அதிகாலையில் இருந்தால், முதல் வண்டியின் நேரத்தை முந்தின மாலையே பார்த்துவைத்துக்கொண்டு, தேவையெனில் விடுதியிலேயே டாக்ஸிக்குச் சொல்லிவையுங்கள்.