தமிழ் இலக்கணத்தோடு ஆங்கிலம் எழுதினால்

‘டிட் யூ வென்ட்?’ என்று கேட்பவரைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் தமிழ் இலக்கணத்தைச் சரியாகத்தான் பின்பற்றுகிறார். ‘போனாயா?’ என்பதில் இறந்த காலம் வினையிலேயே இருக்கிறது, கடைசியில் ஓர் ‘ஆ’ ஒட்டினால் கேள்வி தயார். ஆங்கிலத்தில் அப்படியில்லை. ‘டிட்’ வந்துவிட்டால் இறந்த காலத்தை அதுவே சுமந்துகொள்கிறது, வினை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட வேண்டும்: ‘டிட் யூ கோ?’ மறுப்பிலும் இதே கதைதான். ‘ஹி டிடின்ட் கேம்’ தவறு, ‘ஹி டிடின்ட் கம்’ சரி.

எங்கள் தெருப் பிள்ளைகள் வேலை கேட்டு அனுப்பும் கடிதங்களைச் சில வருடங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். மனப்பாடம் செய்த வரிகளில் பிழையே இருக்காது. சொந்தமாக எழுதும் வரியில்தான் உள்ளே ஓடும் தமிழ் வெளியே தெரியும். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று மனதில் ஓடினால் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ வந்துவிடுகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லிலேயே ‘பற்றி’ அடக்கம், ‘அபவுட்’ வேண்டாம். ‘இருக்கிறார்கள்’ என்பதில் ‘கிற’ கண்ணில் பட்டதும் ‘இங்’ போட்டுவிடுகிறோம்: ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’. உறவும் உடைமையும் என்றால் ‘ஐ ஹேவ்’ போதும். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ மட்டும் சரி, அது சாப்பிடுவது.

கேள்வியை வாக்கியத்துக்குள் வைக்கும்போதும் சறுக்கும். ‘அவர் எங்கே இருக்கிறார்?’ என்பதோடு ‘என்று தெரியவில்லை’ சேர்த்தால் தமிழில் எதுவும் இடம் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். ‘வேர் இஸ் ஹி?’ என்பது உள்ளே போனதும் ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’ ஆகிவிடும்.

தமிழே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. ‘என் நண்பனில் ஒருவன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘நண்பர்களில் ஒருவன்’ என்கிறோம். அப்புறம் ஏன் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’? ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்றுதான் வர வேண்டும். ஆனால் பேச்சு அந்த ஒருவனைப் பற்றியது என்பதால் வினை ஒருமையில் ‘இஸ்’.

‘எ’யா ‘அன்’னா என்ற குழப்பத்துக்கு நான் சொல்லிக் கொடுக்கும் வழி கொஞ்சம் விசித்திரமானது. அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘ஓர் ஊர், ஒரு நாடு’ என்று பள்ளியில் படித்ததைப் போல, உயிரெழுத்தில் தொடங்கினால் ‘அன்’, மற்றதற்கு ‘எ’. ‘யுனிவர்சிட்டி’யில் முதலில் நிற்பது ‘யு’, ஆகவே ‘எ யுனிவர்சிட்டி’. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து முடிவு செய்பவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். ‘எம்.எல்.ஏ.’வுக்கு ‘அன்’. நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லுக்கும் ‘அன்’. ஆங்கிலத்தில் அதை எழுதும்போது முன்னால் நிற்கும் எழுத்துக்கு ஒலியே கிடையாது. இரண்டு எச்சரிக்கை: ‘யெம்.எல்.ஏ.’ என்று உச்சரிக்கும் நாக்கை நம்ப வேண்டாம். ‘ஒன்வே’யை ‘வன்வே’ என்று எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு ‘எ’தான்.

நிறுத்தக்குறிகளில் தடுமாறுவதில் வியப்பில்லை. ஓலைச்சுவடியில் காற்புள்ளி ஏது? அச்சோடு வந்து சேர்ந்த சரக்கு அது. ‘பேங்க்குக்குப் போனேன், மூடியிருந்தது’ என்று தமிழில் எழுதினால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் போட்டு ஒட்டினால் பிழை. ‘ஐ வென்ட் டு தி பேங்க்’ என்று எழுதியபின் முற்றுப்புள்ளி வையுங்கள், இல்லையென்றால் காற்புள்ளிக்குப் பிறகு ‘பட்’ சேருங்கள்.

பட்டியல்களில் நமக்கு ‘உம்’மும் ‘ஓ’வும் உதவுகின்றன. ‘அரிசியும் பருப்பும் எண்ணெயும்’ என்றால் காற்புள்ளியே தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘அண்ட்’, ‘ஆர்’ கடைசியில் ஒரே ஒரு முறைதான் வரும், எது எதோடு சேர்கிறது என்பதைக் காற்புள்ளிதான் காட்ட வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இது வழக்காகவே போனது. எந்தெந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கூலி கிடையாது என்று சட்டம் பட்டியல் போட்டிருந்தது. அதன் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’. ‘அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் செய்வது’ என்ற ஒரே வேலையா, ‘அனுப்பப் பேக் செய்வதோ விநியோகிப்பதோ’ என்ற இரண்டு வேலைகளா? ‘ஷிப்மென்ட்’ பக்கத்தில் காற்புள்ளி இல்லாததால் தெளிவில்லை. பேக் செய்யாமல் விநியோகம் மட்டும் செய்த பால் கம்பெனி டிரைவர்களுக்குச் சாதகமாக 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தமிழில் அந்த ‘ஓ’ எதில் ஒட்டுகிறது என்று பார்த்தாலே விஷயம் முடிந்திருக்கும்.

மேலே தொங்கும் காற்புள்ளிக்கு ஒரே சோதனை போதும். ‘இட்ஸ்’ என்று எழுதிய இடத்தில் ‘இட் இஸ்’ என்றோ ‘இட் ஹேஸ்’ என்றோ விரித்துப் படியுங்கள். பொருந்தினால் அந்தக் குறி வேண்டும். ‘அதனுடைய’ என்ற பொருளில் வந்தால் வேண்டாம்.

எல்லாவற்றையும் அடித்துத் திருத்துபவன் நான் இல்லை. ‘மீட்டிங்கை ப்ரீபோன் செய்யுங்கள்’ என்று நம் ஆபீஸ்களில் புழங்கும் ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. அதை விட்டுவிடுவேன். ‘டூ தி நீட்ஃபுல்’ வந்தால் மட்டும், ‘என்ன செய்யணும்னு அவருக்கு எப்படிப்பா தெரியும்?’ என்று கேட்டு, வேண்டியதை ஒரு வரியில் எழுதச் சொல்வேன்.