முதல் வாடகைச் சொத்து: ஃபிளாட்டா, தனி வீடா, கடையா?

சென்னையில் வாடகைக்கு விடவென்று முதன்முதலாகச் சொத்து வாங்குபவர் முதலில் வருமானக் கணக்கைப் போட வேண்டும். 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட், மாத வாடகை 15,000 என்று வையுங்கள். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாக நிற்கும். மீதி 11 மாதத்துக்கு 1,65,000. சொத்து வரி, பெயின்ட், பிளம்பிங் என்று 15,000 கழித்தால் 1,50,000, அதாவது வருடத்துக்கு 2.5 சதவீதம். இதை நம்பிப் பெரிய கடன் வாங்கினால் இ.எம்.ஐ. கையைக் கடிக்கும்.

ஃபிளாட் என்றால் பத்திரத்தில் யூ.டி.எஸ்., அதாவது மனையில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். கட்டடம் பழசாகப் பழசாக மதிப்பைத் தாங்குவது அந்த நிலப் பங்குதான். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று வாட்ச்மேனிடமே கேளுங்கள். வாங்கினால் மெயின்டனன்ஸ் ஏறும், குடியிருப்பவர் வேறு வீடு தேடுவார்.

பணம் இடங்கொடுத்தால், கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள தனி வீடே எங்கள் முதல் தேர்வு. ஒன்று காலியானாலும் மற்றதில் வாடகை வரும். தனித்தனி மின் மீட்டர் இல்லாவிட்டால் மாதாமாதம் தகராறு.

கடைக்கு வாடகை கூடுதல்தான், ஆனால் காலியானால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். முதல் சொத்துக்கு வேண்டாம்.

எதுவானாலும், சொத்தின் மேல் அடமானம், விற்பனை எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் 30 வருட வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் வக்கீல் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.